பிரிக்கவா, பிடிக்கவா?

தையல்காரருக்குத் தொழிலில் ஒரே கொள்கைதான்: மனிதன் சுருங்கமாட்டான், விரிவான். அதனால் எந்தத் துணியை வெட்டினாலும் கோட்டுக்கு ஒரு விரல் தள்ளித்தான் வெட்டுவார். தைத்த கால்சட்டை இடுப்பில் பிடிக்கிறது என்று வந்தால் பிரித்துவிடுவார். மறுபடி வந்தால் மறுபடி பிரித்துவிடுவார். உள்ளே விட்ட துணியை வைத்தே ஊரில் பாதித் தொப்பைகளின் மானத்தைக் காப்பாற்றியவர்.

அந்தத் தொப்பைகளில் தலையாயது அவருடைய சகலையுடையது. மனைவியின் அக்காவைக் கட்டியவர், ராணுவத்தில் சின்ன விமானம் ஓட்டுபவர். இரண்டே பேர் உட்காரலாம். மலைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வரவும், அடிபட்டவனைத் தூக்கிவரவும் அந்த விமானம்தான் போகும். குடும்பத்தில் அவர் கேப்டன். தையல்காரர் 'ஊசி'. பெயர் வைத்தது கேப்டனேதான்.

"நான் மேகத்துல ஓட்டை போடுறேன், நீ சட்டையில காஜா போடுற. ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் ஊசி" என்பார். வருஷா வருஷம் சீருடையோடு வந்து நிற்பார்.

"துணி சுருங்கிடுச்சு சகலை."

"மேல போகப் போகக் குளிருமில்ல, சுருங்கத்தான் செய்யும்" என்று தையல்காரர் முகம் மாறாமல் பிரித்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதரை மருத்துவப் பரிசோதனையில் நிறுத்தி, இதயம் சரியில்லை, இனிப் பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பத்தியச் சாப்பாட்டில் தொப்பை போனது. அதோடு பேச்சும் போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை படைப்பிரிவில் அவருக்கு வழியனுப்பு விழா. போகமாட்டேன் என்று அறைக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா கேட்டா சுவர்தான் பதில் சொல்லுதாம். அந்த விழாவுக்காவது அவரைக் கிளப்பணும். நீங்க ஏதாவது செய்யுங்க" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரிஞ்சது தைக்கிறதுதானே?"

"அப்ப வாயைத் தைச்சுக்கிட்டு கையால ஏதாவது செய்யுங்க."

பொத்தான் வாங்கப் போன இடத்தில், பொம்மைக் கடை வாசலில் அதைப் பார்த்தார். அதே விமானம். வெட்டி, மடித்து, ஒட்டிக்கொள்ளும்படி தடித்த தாள்களில் அச்சடித்திருந்தார்கள். இருந்தது அந்த ஒன்றுதான். காகிதத்தில் மாதிரி வெட்டி வெட்டியே காலம் தள்ளுகிறவனுக்கு இதென்ன பிரமாதம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. சட்டைக் காலருக்குள் வைக்கும் அட்டையை வெட்டுகிற கத்தியால் விமானத்தின் உள்ளே தாங்கும் எலும்புக்கூட்டை அறுத்தெடுத்தார். குண்டூசித் தலை அளவு கடிகாரங்கள் உள்ள பலகையை ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் பொருத்தினார். சக்கரத்துக்குக் காகிதத்தை நூல்கண்டுபோல் இறுக்கிச் சுற்றினார். வெட்டிய ஓரங்களில் வெள்ளை தெரியக் கூடாதென்று பச்சை மையைத் தொட்டுத் தொட்டுத் தடவினார்.

அப்புறம் மேல்தோல். அதற்குக் கை கத்தரிக்கோலை எடுத்தது. அங்கேதான் வினை. கத்தரிக்கோல் பிடித்த கைக்குக் கோடு என்பது வெட்டுகிற இடமல்ல, தள்ளி வெட்ட வேண்டிய இடம். நகக்கண் அளவுதான் தள்ளியிருந்தது. ஆனால் முழங்கை நீள விமானத்துக்கு நகக்கண் என்பது நமக்கு ஒரு சாண். முதுகில் ஒட்டிச் சுற்றிக் கொண்டுவந்தபோது, அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல் வயிற்றில் தொளதொளவென்று தொங்கியது.

மிச்சத்தைக் கத்தரித்து எறிந்திருக்கலாம். ஆனால் உள்ளே விட்டதை வெட்டி எறிவது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. விமானத்தைக் கவிழ்த்துப் போட்டு, அடிவயிற்றில் நீளமாக ஒரு டக் பிடித்து, மிஞ்சிய காகிதத்தை உள்ளே மடித்து ஒட்டிவிட்டார்.

மனைவி வந்து பார்த்தாள். "எல்லாம் அழகா இருக்கு. ஆமா, இதுக்கு எதுக்குத் தொப்பை?"

அப்போதுதான் தையல்காரர் விமானத்தை நிமிர்த்திப் பார்த்தார். தொப்பையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறவரிடம் தொப்பை வைத்த விமானத்தைக் கொண்டுபோய் நீட்டினால், கேலி செய்கிறான் என்று நினைக்கமாட்டாரா? வேறு வழியும் இல்லை. துணியால் மூடி எடுத்துக்கொண்டு போனார்.

கேப்டன் திரும்பிப் பார்க்கவில்லை. தையல்காரர் அதை மேஜைமேல் வைத்துத் துணியை எடுத்தார். கேப்டன் எழுந்தார். ஏறுவதற்கு முன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றித் தொட்டுப் பார்ப்பது அவர் பழக்கம். மேஜையைச் சுற்றி வந்தார். விரல் மூக்கைத் தொட்டது, இறக்கையைத் தொட்டது, வாலைத் தொட்டது, கடைசியில் அடிவயிற்றுக்குப் போய் அங்கேயே நின்றது.

"இது என்ன?"

"டக் சகலை. கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வெட்டிட்டேன்."

"விமானத்தையா?"

"பழக்கம். மிச்சம் உள்ளேதான் இருக்கு. எப்பவாவது துணி சுருங்கிடுச்சுன்னா பிரிச்சு விட்டுக்கலாம்."

கேப்டனின் தோள் குலுங்கியது. இதயம்தானோ என்று தையல்காரர் பதறி எழுந்தார். சிரிப்பு. அடக்கப் பார்த்து முடியாமல், கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாசலில் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பாவி, என் விமானத்துக்கும் என் அளவையே எடுத்திருக்கியே! சரி, இறக்கையில ஒரு குழாய் நீட்டிட்டு இருக்குமே, எங்க? அது இல்லாம காத்து வேகம் எப்படித் தெரியும்? இந்த நிலைமையில எவனும் ஏறமாட்டான்."

அந்தத் துண்டு குப்பையோடு போயிருந்தது. தையல்காரர் தன் காலரில் குத்தியிருந்த ஊசியை உருவி இறக்கை விளிம்பில் செருகினார்.

"இப்பத் தெரியும்."

"ஊசி, இன்னிக்குத்தான்டா உனக்கு வச்ச பேரு பலிச்சிருக்கு."

கேப்டன் அலமாரியைத் திறந்து சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகுமா?"

பழக்கத்தில் தையல்காரர் வாயில் வந்துவிட்டது: "எவ்வளவு பிரிக்கட்டும்?"

"கண்ணு தெரியலையா? பிடிக்கணும்டா!"

"பிடிச்சுடறேன். ஆனா வெட்டமாட்டேன். உள்ளேயே விட்டு வைப்பேன்."

"இனிமே எதுக்கு?"

"தொப்பை திரும்ப வரும் சகலை. வரணும்."

கேப்டன் அளவெடுக்க இரண்டு கைகளையும் விரித்து நின்றார். தையல்காரர் டேப்பைச் சுற்றிப் பிடித்தார். எண் மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. டேப் பழசு என்று அதன்மேல் பழியைப் போட்டார்.