சர்வரில் இருந்த குரல்

உஷாராணி போன் செய்தபோது கார்த்திகேசு பிரிக்பீல்ட்ஸில் தன் ரிப்பேர் கடையில் ஒரு மடிக்கணினியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். வைஃபை ரோசாக், கெட்டுப்போய்விட்டது, காலையிலிருந்து அவருக்குப் பேச்சு வரவில்லை என்றாள் அவள். அவள் சொன்னது அவனுக்கு உடனே புரிந்தது. பிரித்ததை அப்படியே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுக் கடையை அடைத்துக் கிள்ளானுக்குக் கிளம்பினான்.

அவள் கணவர் விமலன் துறைமுகத்தில் லோரிகளை அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். புதிதாக எந்த மின்சாதனம் வந்தாலும் வாங்கிவிடுவார். கொஞ்ச நாள் உபயோகித்துப் பார்த்துவிட்டுக் கார்த்திகேசுவைக் கூப்பிட்டு அதைப் பற்றிச் சொல்வார். நல்லதை ஒரே வரியில் முடித்துவிட்டு, குறைகளுக்கு வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். வாடிக்கையாளராகக் கடைக்கு வந்தவர், அப்படிப் பேசிப் பேசியே கார்த்திகேசுவுக்கு அண்ணன் ஆனார்.

பிறகு அவருக்கு அந்த நரம்பு நோய் வந்தது. உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் நோய். கை முதலில் போகும், நாக்கு பிறகு போகும் என்று மருத்துவர் சொன்னதுமே, விமலன் தன் குரலைச் சேமித்து வைக்கும் வழியைத் தேடினார். வெளிநாட்டில் ஒரு சின்ன கம்பெனி தமிழில் அதைச் செய்து கொடுத்தது. அவர்களுடைய இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் கொடுத்த வாக்கியங்களை மாலைகளில் எல்லாம் வாசித்தார். நாக்கு போன பிறகு படுக்கைக்கு மேலே ஒரு திரையை மாட்டினார்கள். அதிலிருக்கும் எழுத்துகளை அவர் கண்ணால் பார்ப்பார். திரை அவற்றைச் சேர்த்துச் சொல்லாக்கும். கம்பெனியின் சர்வர் அந்தச் சொல்லை அவருடைய பழைய குரலிலேயே பேசும்.

அதைப் பற்றியும் அவர் தன் அபிப்பிராயத்தைச் சொல்லியிருந்தார், அந்தக் குரலிலேயே. "சாமான் நல்ல சாமான் கார்த்தி. ஆனா நெட் இல்லன்னா நான் ஊமை லா."

வீட்டை அடைந்ததும் கார்த்திகேசு நேராக மோடத்திடம் போனான். விளக்குகள் எல்லாம் சரியாகவே எரிந்தன. இருந்தாலும் அணைத்துப் போட்டான். கேபிளை மாற்றினான். தான் கொண்டுவந்திருந்த வேறொரு ரவுட்டரை மாட்டினான். கடைசியில் தன் கைப்பேசியின் இணையத்தையே திரைக்குக் கொடுத்துப் பார்த்தான். செய்தித் தளம் திறந்தது. படம் ஓடியது. குரல் மட்டும் வரவில்லை. விமலன் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திரையின் ஓரத்தில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுபோனது.

உஷாராணி கதவருகே நின்றுகொண்டு, புது ரவுட்டர் வாங்க வேண்டுமா, லைன்காரர்களைக் கூப்பிட வேண்டுமா என்று கேட்டபடி இருந்தாள். கார்த்திகேசு அந்தக் கம்பெனியின் தளத்தைத் தேடினான். வெள்ளைப் பக்கத்தில் நாலு வரி ஆங்கிலம் இருந்தது. சேவையை நிறுத்திவிட்டோம், பயனர்களின் குரல்கள் அழிக்கப்பட்டுவிட்டன, இத்தனை நாள் உடன் இருந்ததற்கு நன்றி. முன்கூட்டியே எச்சரித்திருப்பார்கள். ஆனால் விமலன் பதிவு செய்தது தன் அலுவலக மின்னஞ்சலில். வேலையை விட்டதுமே அது மூடப்பட்டுவிட்டது.

விமலன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்க வழியில்லை. கார்த்திகேசு கட்டில் அருகே உட்கார்ந்து சொன்னான். வைஃபையில் கோளாறு இல்லை. கம்பெனி போய்விட்டது.

"திரும்ப வருமா?" என்று உஷாராணி கேட்டாள்.

"வராது அண்ணி."

அவள் அவனை நம்பவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மோடத்தைத் தானே ஒருமுறை அணைத்துப் போட்டாள்.

அடுத்த சில வாரங்களில் கார்த்திகேசு தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தான். கம்பெனிக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன. பழைய கணினியைத் துழாவினான். நேரடியாகத் தளத்திலேயே பதிவு செய்ததால் அதில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. திரையோடு வந்த தமிழ்க் குரலைப் போட்டுப் பார்த்தான். அது செய்தி வாசிக்கும் ஒரு பெண்ணின் குரல். 'முதுகு வலிக்குது, திருப்பிப் போடு' என்பதை அது வானிலை அறிக்கை மாதிரி சொன்னது. விமலன் கண்களை மூடிக்கொண்டார். எழுதாமலேயே வேண்டாம் என்று சொல்ல இப்போது அவருக்கு இருந்த ஒரே வழி அது.

அப்போதுதான் உஷாராணிக்குத் தன் கைப்பேசியில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் இருப்பது நினைவுக்கு வந்தது. இப்போதெல்லாம் கொஞ்சம் பேச்சு இருந்தாலே போதும், அதை வைத்து ஒரு குரலைச் செய்துவிடலாம். கார்த்திகேசு அதே கைப்பேசியில் அதற்கான செயலியை இறக்கி, கிடைத்த செய்திகளை எல்லாம் கொடுத்தான். இருவரும் அறைக்குள் வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். அவன் ஒரு வாக்கியத்தை எழுதிப் பொத்தானை அழுத்தினான்.

"உ...ஷா, தே...த்தண்ணி போ...டு."

குரல் அவருடையதுதான். ஆனால் அவர் நாக்கு தடிக்க ஆரம்பித்த நாட்களின் குரல். அவளுடைய கைப்பேசி நோய் வந்த பிறகு வாங்கியது. அதிலிருந்த செய்திகள் எல்லாமே அந்தக் காலத்தவை. இயந்திரம் குழறலையும் மூச்சுத் திணறலையும் அவருடைய பேச்சு என்றே எடுத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் கற்றிருந்தது.

உஷாராணி வாயைப் பொத்திக்கொண்டாள். "இது போதும்ங்க," என்றாள். "இது உங்க குரல்தானே. எனக்கு இது போதும்."

விமலன் கண்களை மூடினார். அவள் மறுபடி சொன்னபோதும் திறக்கவில்லை. அவர் இமைகளின் ஓரத்தில் கசிந்ததைக் கார்த்திகேசுதான் துடைத்துவிட்டான்.

அதற்குப் பின் அவர் சத்தமில்லாமல் எழுதினார். அவள் பக்கத்தில் வந்து படித்தால் உண்டு. ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்குத் தொண்டையில் சளி அடைத்துக்கொண்டது. 'உஷா' என்று எழுதியிருக்கிறார், வரிசை வரிசையாக. அவள் திரும்பி வந்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. சளி உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து எப்படியோ மீட்டாள். மறுநாள் கார்த்திகேசு வந்து, திரையின் ஒரு மூலையைப் பார்த்தால் வீடு முழுக்க மணி அடிக்கும்படி செய்து கொடுத்தான்.

மணி நன்றாக வேலை செய்தது. தண்ணீருக்கு மணி, புரட்டிப் போட மணி, சளிக்கு மணி. மணி வந்த பிறகு விமலன் வாக்கியம் எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். கண்ணும் களைத்துப்போயிருந்தது. ஒரு சொல்லை முடிக்க வெகுநேரம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்த்திகேசு அவரோடு உட்கார்ந்து, புதிதாகக் கடைக்கு வந்த ஒரு சாதனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அதில் என்ன குறை என்று அவர் கேட்க மாட்டாரா என்று எதிர்பார்த்தான். அவர் கேட்கவில்லை. அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது.

"உ...ஷா, நீ சா...ப்டியா?"

"இன்னும் இல்லங்க," என்றாள் அவள். கொஞ்சம் இடைவெளி. அவள் எழுதுகிறாள் போல. மறுபடி அந்தக் குழறல். "மொத...ல்ல சாப்...டு."

கார்த்திகேசு எழுந்துவிட்டான். அந்தச் செயலியை அவள் கைப்பேசியிலிருந்து எடுக்காமல் விட்டது அவன்தான். போய் எடுத்துவிட வேண்டும் என்று கதவு வரை போனான். பின்னால் மணி அடித்தது.

திரும்பிப் பார்த்தான். விமலன் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எழுத்தாக வந்தது. *தினமும்.* கார்த்திகேசு காத்திருந்தான். *அது நான் இல்ல.* அதன்பின் கண்ணை ஓய்வுக்கு மூடி, திறந்து, மறுபடி எழுதினார். *எடுத்துடாத. அவளுக்கு வேணும்.*

"உங்களுக்கு அண்ணே?" என்று கார்த்திகேசு கேட்டான்.

அதற்கான பதில் வர நெடுநேரம் ஆனது. சமையலறையில் பேச்சு தொடர்ந்தது, அவள் ஒரு வாக்கியம், குழறல் ஒரு வாக்கியம். திரையில் வந்தது இதுதான்: *அலமாரியில ஹெட்போன். சத்தத்த அடைக்கும். நான் பாத்ததுல அதான் பெஸ்ட். மாட்டு.*

அது மேல்தட்டில் உறைக்குள்ளேயே இருந்தது. கார்த்திகேசு அதைச் சார்ஜ் செய்து, அவருடைய தலையணையைச் சரித்து, இரண்டு காதையும் மூடி மாட்டிவிட்டான். பாட்டு எதுவும் போடவில்லை. அவரும் கேட்கவில்லை. முகத்தில் இறுக்கம் மெல்ல விட்டது. கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

மணிக்குத் தம்பி இருக்கிறான் என்று விட்டிருந்த உஷாராணி இப்போது வந்தாள், கைப்பேசியை முந்தானைக்குள் பிடித்தபடி. ஹெட்போனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவராகவே ஒன்றைக் கேட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டாள்.

"என்ன கேக்குறாரு தம்பி?"

"பழைய பாட்டு அண்ணி," என்றான் கார்த்திகேசு.

"கேக்கட்டும், கேக்கட்டும். தினம் மாட்டிவிடுறேன்," என்று சொல்லிவிட்டு, அவனுக்குத் தேநீர் போட உள்ளே போனாள்.