பாலத்தின் ஆட்டம் குடிவந்த வீடு

பாலத்தின் மேல் சைக்கிள் போனால் பொறியாளர் வீட்டில் கரண்டிகள் கிணுகிணுத்தன. வேன் போனால் ஃபிரிட்ஜ் ஓரடி நகர்ந்தது. பாலத்துக்கும் வீட்டுக்கும் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம்.

நடந்தது இவ்வளவுதான். நிலநடுக்கத்தைப் பாலம் தாங்குமா என்று பார்க்க, அதிர்வுமானிகளை அதன்மேல் இடம் மாற்றி மாற்றி ஒட்டி ஆட்டத்தை அளப்பார்கள். ஒன்றை மட்டும் வேலை முடியும்வரை அசைக்கக் கூடாது. மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் கணக்கு. அதற்கு நிலைக்கருவி என்று பெயர். வெயிலிலும் பசியிலும் பொறியாளர் கடைசி அளவுக்கு முன்பே அதைப் பெயர்த்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்து, ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். கருவி இருக்கும் இடமே தன் இடம் என்று நம்பிய பாலம், ஆட்டத்தை அங்கே அனுப்பிவிட்டது. மறுநாள் கருவி திரும்பிப் போனது, ஆட்டம் போகவில்லை. அடாவடி வாடகைக்காரனைக்கூடக் காலி செய்ய வைத்துவிடலாம்.

அதன்பின் பாலம் ஆடவே இல்லை. எத்தனை முறை அளந்தாலும் பூஜ்யம். இதைவிட என்னய்யா வேண்டும், கையெழுத்துப் போடு என்றார் மேலதிகாரி. சான்றிதழ் வரும்வரை லாரிகளுக்குத் தடை. அவை ஊரைச் சுற்றிக்கொண்டு போக, கடைத்தெருவே பொறியாளரைக் கரித்துக்கொட்டியது. அவர் பேனாவைத் தொடவில்லை. காரணம் வீட்டில் இருந்தது, மனைவி உருவில்.

"லாரி விட்டீங்கன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க பாலமும் குடும்பம் நடத்துங்க."

மேலதிகாரி கெடு வைத்த அன்று அவள் பெட்டியைக் கட்டினாள். அழைத்துப்போக அண்ணன் வந்தார். வெங்காய மண்டிக்காரர், லாரியில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்றுகிற ரகம். மாப்பிள்ளையை நாலு வார்த்தை கேட்கத்தான் வந்தார். தன் வெங்காயம் வழியிலேயே அழுகுவது இந்த ஒரு கையெழுத்தால்தான் என்று தெரிந்ததும், டீ ஆறுவதற்குள் கட்சி மாறினார்.

"ஏம்மா, வீடுன்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும். வெங்காயம் காத்திருக்குமா?"

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே லட்சணம்தான் என்று புரிந்திருக்க வேண்டும். பெட்டி கட்டிய கயிற்றை அவிழ்த்து, ஃபிரிட்ஜை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள்.

"போட்டுத் தொலைங்க."

அதற்குப் பின் அந்த வீட்டில் கட்டப்படாத பொருள் கிடையாது. சில வருடங்களில் மணல் லாரி எது, சிமென்ட் லாரி எது என்று படுத்தபடியே சொன்னாள். அண்ணன் லாரி வந்தால் கட்டில் கதவுவரை போகும். உடனே போன் போட்டுத் திட்டுவாள். அளவாகத்தான் ஏற்றினேன் என்று அவர் கூசாமல் சத்தியம் செய்வார்.

ஒரு காலை நிலநடுக்கம் வந்தது. ஊரில் சுவர்கள் விரிசல் விட்டன, அலமாரிகள் கவிழ்ந்தன. பாலம் இம்மியும் அசையவில்லை. அதன்மேல் போன பஸ்ஸில் தூங்கியவர்கள் விழிக்கக்கூட இல்லை. பாலத்தின் பங்கும் தன் பங்கும் சேர்ந்து அந்த வீடு ஊஞ்சலாக ஆடி நின்றது. எதுவும் விழவில்லை. அவள் காபி டம்ளரை ஆட்டத்துக்கு ஏற்றபடி சாய்த்துச் சாய்த்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து முடித்தாள்.

"எங்கண்ணன் இன்னைக்கும் ஓவர்லோடு," என்றாள். "போனைப் போடுங்க."

பொறியாளர் போட்டார்.