சோழர் இல்லாத சரித்திர நாவல்

பொன்னாடையின் ஒரு முனை சவப்பெட்டியில் கிடந்த இராசரத்தினத்தின் நெஞ்சில் விழுந்துவிட்டது. மறுமுனையை அவர் மனைவி யோகமலர் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்கோ அக்கா, படம் எடுக்கினம்,” என்றார் இலக்கியப் பேரவைத் தலைவர் இக்னேசியஸ். கமராவுக்காகக் கூட்டி வைத்திருந்த சோகம் முகத்தில் கலையத் தொடங்கியிருந்தது.

“இவருக்கு வேண்டாம்.”

“அண்ணைக்குச் ‘சோழ வரலாற்றுச் செம்மல்’ எண்டு பட்டமும் குடுக்கிறம்.”

கனடாவுக்கு வந்து, பிறம்ரன் வேர்ஹவுசில் பெட்டி அடுக்கிக்கொண்டே இராசரத்தினம் எழுதிய நாவலில் மருந்துக்கும் ஒரு சோழர் இல்லை. துருக்கி சுல்தானிடம் சமாதானம் பேசப்போன வெனிஸ் தூதனும், ஒரு சூஃபி ஞானியின் மகளும்தான். தூதனைச் சோழ நாட்டானாக மாற்றினால் மண்டபம் எடுத்து வெளியிடலாம் என்று இதே இக்னேசியஸ் சொல்லியிருந்தார். இராசரத்தினம் மாற்றவில்லை. ஆஸ்பத்திரியில் மனைவியிடம் ஒன்றுதான் கேட்டார்: “என்னை எரிக்க முந்தி, கடைசி அத்தியாயத்தை நாலுபேர் கேக்க வாசியும்.”

“நான் வாசிக்கப்போறன்,” என்றாள் யோகமலர்.

“செத்தவீட்டில காதல் கதையே அக்கா? இன்னும் ஆறு சங்கம் பேசக் கிடக்கு. ஐயரும் மணியைப் பாக்கிறார்.”

“அந்த ஆறு சங்கத்தில ஆர் இவற்ற கதையை வாசிச்சது?”

சங்கத்தலைவர்கள் மலர்வளையங்களில் தங்கள் பெயர் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

அவள் பொன்னாடையை உருவி, நாலாக மடித்து இக்னேசியஸிடம் கொடுத்தாள். “வைச்சிருங்கோ தம்பி. உங்களுக்கும் ஒருநாள் தேவைப்படும்.”

பிறகு மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

“சுல்தான் போர்த்திய அங்கியோடு தூதன் மடத்து வாசலில் நின்றான். ‘உள்ளே சுல்தானுக்கும் இடமில்லை, உன் அரசனுக்கும் இடமில்லை’ என்றாள் ஞானியின் மகள். ‘நீ மட்டும் என்றால் வா.’ தூதன் அங்கியைக் கழற்றிப் படியில் வைத்தான். குளிராக இருந்தது.”

செருமிவிட்டுத் தொடர்ந்தாள்.

நேரம் முடிந்துவிட்டதென்று பெட்டியை மூட வந்த ஊழியருக்குத் தமிழ் தெரியாது. மூடியில் கைவைத்தபடி அவளைப் பார்த்தார். அவள் அடுத்த தாளைப் புரட்டினாள்.

அவர் கையை எடுத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.