பசை ஆறுமுன்

லவினியா அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்த சீலையைக் கொசுவத் தொடங்கினாள். சின்னம்மா அஞ்சலா உடலை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்திருந்தார். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், இறந்தவர்களுக்கு உடுத்துவதற்கென்று ஒதுக்கித் தந்த அந்த அறை குளிர்ந்துகிடந்தது.

"ஒட்டோபான் றோட்டிலை வாகன நெரிசலுக்கை மறிபட்டு நிண்டனீயாம். ஜெசிந்தன் சொன்னவன். என்ன பாடு பட்டிருப்பாய், பிள்ளை," என்றார் சின்னம்மா.

தம்பி அப்படிச் சொல்லியிருப்பது லவினியாவுக்கு அப்போதுதான் தெரியும். ஊசியைப் பல்லில் கடித்தபடி அடுத்த மடிப்பை எடுத்தாள்.

முந்தின நாள் மதியம் அவள் கொலோனில், தான் வேலை செய்யும், பழைய தளபாடங்கள் திருத்தும் பட்டறையில் நின்றாள். பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயி காலத்தில் பாரிஸில் செய்த எழுதுமேசை ஒன்று. வளைவு நெளிவு இல்லாத நேர்கோட்டு உடம்பு. கீழே போகப்போக மெலியும் கால்கள். மேற்பலகையில் டைமன் வடிவில் பதித்திருந்த மெல்லிய மரத்தகடுகளில் சில உடைந்துபோயிருந்தன. புதிதாக வெட்டிய தகடுகளைத் மாட்டுத்தோல் காய்ச்சிய சூடான பசையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை ஆறுமுன் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். இடையில் கைவிட்டால் தகடு எழும்பிவிடும்.

போன் அடித்தது. ஜெசிந்தன். அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்துதான் அதைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அடித்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பசையைக் காரணம் சொல்லலாம். ஆனால் ஒட்டி முடிந்ததும், பாரிஸ் தச்சனின் தகடு எது, தன்னுடையது எது என்று அவளுக்கே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. வெளிச்சம் பார்த்து நின்று அதைப் படம் எடுத்தாள். அதன் பிறகுதான் தம்பிக்கு அடித்தாள்.

கதவு திறந்து அப்பா வந்தார். சின்னம்மா பூ எடுத்துவர வெளியே போனார்.

"அப்பா, நான் ஒட்டோபானிலை நிக்கேல்லை."

"தெரியும். உன்ரை பட்டறைக்கும் அடிச்சனான். வேலையா நிக்கிறா, கூப்பிடட்டோ எண்டு கேட்டாங்கள். வேண்டாம் எண்டிட்டன். அம்மா அதுக்குள்ளையே முடிஞ்சிட்டா, பிறகு என்னத்துக்கு."

"அம்மா என்னைக் கேட்டவவோ?"

அப்பா சீலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டவ. றோட்டிலை வாறாள் எண்டு சொன்னனான். பிறகு சனத்துக்கும் அதையே சொல்லச் சொல்லித் தம்பியிட்டைச் சொன்னன்."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. லவினியாவுக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"சீலைத் தலைப்பு கட்டையாக் கிடக்கு," என்றார் அப்பா. "அவ நல்லா நீளமா விடுறவ."

லவினியா ஊசிகளைக் கழற்றினாள். கொசுவத்தை அவிழ்த்து, மடிப்பைக் கையால் நீவிவிட்டு, முதலிலிருந்து உடுத்தத் தொடங்கினாள். அப்பா மறுபக்கம் போய் அம்மாவின் தோளை மெல்லத் தூக்கிப் பிடித்தார்.