இடது இறக்கையின் சிவப்பு விளக்கு

இடது இறக்கை முனையில் இருந்த சிவப்பு விளக்கு அன்று காலை மறுபடியும் அணைந்தபோது என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "யாரும் கேட்டா கொடுத்துரலாம் ரெஜினா. பிரிச்சுக் கேட்டாலும் சரிதான்" என்றார். ஏழு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை.

தவசிமுத்து என்றால் ராயபுரத்தில் பெயிண்ட் கடைக்காரர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டோரம் ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டுகிறார் என்பது எங்கள் சர்ச்சில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் மரியாதைக்காகத் தெரியாத மாதிரி இருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரைபடம் வாங்கி, அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்து, ஒவ்வொரு ரிவெட் ஆணியாக அடித்தார். ஞாயிறு ஆராதனை முடிந்தால் ஷெட். என் தங்கை மகள் கல்யாணத்தில் பந்தி முடிவதற்குள் ஷெட். அந்த விமானத்தை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். ஒருநாள்கூட அதைத் தொட்டதில்லை. சாப்பாட்டுக் கேரியரை வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டிய பரிசோதகர் லியாகத் அலி அதற்குள் இரண்டு முறை வந்து போயிருந்தார். எஞ்சின் சரி, இறக்கை சரி, சக்கரம் சரி. இரண்டு முறையும் கையெழுத்துக்குப் பேனாவைத் திறக்கிற நேரத்தில் சிவப்பு விளக்கு கண்ணை மூடிக்கொண்டது. அன்று மாலை நாலு மணிக்கு மூன்றாவது முறையாக வருகிறார். அதோடு அவருக்கு மாற்றல். புதிதாக வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பார். என் வீட்டுக்காரருக்கு அறுபத்தொரு வயது. இன்னொரு முதலிலிருந்து என்பதற்கு அவரிடம் தெம்பு இல்லை. பல்பை மூன்று முறை மாற்றியாயிற்று, சுவிட்சை இரண்டு முறை. வயரையே புதிதாக இழுத்தும் பார்த்தாயிற்று.

நான் வெளியே வந்து மங்கைக்குப் போன் போட்டேன். காசிமேட்டில் போட்டுகளுக்கு வயரிங் செய்கிறவள், எங்கள் கடையில் பெயிண்ட் வாங்குகிறவள். "போட்டுக்கு லைட்டு போடுதவ இதுல என்னத்தப் பாப்பா?" என்றார் இவர். பார்த்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டேன்.

இரண்டு மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நல்ல ஆகிருதி, தோளில் ஒரு பை. விளக்கைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"சூப்பரா கீது அண்ணாத்த. லைட்டு எப்போ எப்போ அணையுது?"

"இன்ஸ்பெக்டர் வந்தா அணையும்" என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. விளக்கைப் போட்டு ஷட்டரை இறக்கச் சொன்னாள். அரையிருட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எரியும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. இவர் என்னை முறைத்தார். வெளியே ஒரு கண்டெய்னர் லாரி போனது, தரை லேசாக அதிர்ந்தது. விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டு எரிந்தது.

"பாத்தியாக்கா? சும்மா நின்னுகினு கீறப்போ எல்லாம் எரியும். ஆட்டணும்."

காசிமேட்டில் ஃபைபர் போட்டுக்கு லைட் மாட்டினால், தண்ணீரில் விட்டு இரண்டு பேர் ஏறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார்களாம். ஆட்டும்போது எரிந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. இங்கே இறக்கை நுனியை இவர் பிடித்து ஆட்ட, விளக்கு திருவிழாக் கடை போல மினுக்கியது. மங்கை நீளமாக ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் மாட்டினாள். மறுமுனையை விளக்கின் கறுப்பு வயரில் வைத்தாள். "இப்போ ஆட்டு" என்றாள். எவ்வளவு ஆட்டியும் விளக்கு மினுக்கவில்லை. வயரை எடுத்ததும் பழையபடி மினுக்கியது.

"கரண்ட்டு ஒழுங்காதான் வருது. திரும்பிப் போறதுக்குதான் வழி இல்ல. எர்த்து எங்க மாட்டிக்கீற?"

விமானத்தின் உடம்புத் தகட்டையே கரண்ட் திரும்பும் வழியாக வைத்திருந்தார். கறுப்பு வயரைத் தகட்டோடு பிடித்திருந்த ஸ்க்ரூவை அவள் கழற்றினாள். அடியில், துளி கீறல் இல்லாமல், பச்சை ப்ரைமர் பளபளவென்று இருந்தது.

"இன்னா அண்ணாத்த, பெயிண்ட் மேலயே மாட்டிக்கீற? ஸ்க்ரூ மரை படற துளி எடத்துலதான் கரண்ட்டு போவுது."

இவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருடமாகக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் வெறும் உலோகத்தைக் கடல்காற்றில் விடாதீர்கள் என்று சொல்லி வந்தவர். முதலில் எல்லா இடத்துக்கும் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, பிறகுதான் ஸ்க்ரூவை முடுக்கியிருக்கிறார். பெயிண்ட் கடைக்காரர் கட்டினால் விமானம் இப்படித்தான் வரும். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மங்கை அந்த இடத்தைச் சுரண்டினாள். நாலணா அளவுக்கு வெள்ளையாகத் தகடு தெரிந்தது. வயரை வைத்து முடுக்கி, "மாட்டினப்புறம் மேல பெயிண்ட் அடிச்சிக்கோ, முன்னாடி அடிக்காத" என்றாள். ஆட்டினோம். லாரி போனது. விளக்கு அப்படியே எரிந்தது.

"இதே மாறி எத்தினி எடத்துல மாட்டிக்கீற?"

அவர் மனதுக்குள் எண்ணினார். "இன்னும் பத்து."

மணி மூன்றே முக்கால். நான்தான் சொன்னேன், மறைப்பானேன். "இப்ப எரியுதுல்லா? கையெழுத்து ஆகட்டும். மத்ததை நாளைக்குப் பாத்துக்கிடலாம்." 

லியாகத் அலி சொன்ன நேரத்துக்கு வந்தார். சுவிட்சைப் போட்டார். சிவப்பு எரிந்தது, பச்சை எரிந்தது, வாலில் வெள்ளை எரிந்தது. பேனாவைத் திறந்தார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "பத்து எடத்துல பெயிண்ட் மேலயே எர்த் மாட்டிருக்கேன். இப்ப எரியுது. மேல போனா எரியும்னு என்னால சொல்ல முடியாது."

அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கையெழுத்து ஆகியிருக்கும். அதை மூடாமல் நின்ற மனிதரை, கல்யாணமாகி முப்பத்திநாலு வருடம் கழித்து, யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தேன். பெருமையாக இருந்தது. நான் சொன்னதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

லியாகத் அலி பேனாவை மூடினார். ஃபைலை மூடவில்லை. "ஏழரைக்கு எனக்கு ரயில். ஆறு வரைக்கும் இருக்கேன்" என்று சொல்லி, காலி பெயிண்ட் டிரம்மில் உட்கார்ந்தார்.

சுவிட்சை அணைத்துவிட்டு மங்கை ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். ஐந்தே முக்காலுக்கு ஒன்பது முடிந்தது. பத்தாவது, வாலுக்குள் கடைசியில். தகட்டை மூடுவதற்கு முன்னால் மாட்டியது. இவர் தோள் நுழையவில்லை. மங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் பூந்தா வெட்டிதான் எடுக்கணும்" என்றாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

புடவையைச் செருகிக்கொண்டு, டார்ச்சும் சுரண்டியுமாக ஊர்ந்தேன். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அதைத் தொட்டேன். உள்ளே பெயிண்ட் வாசனை. வளையம் வளையமாகப் போன சட்டங்களில், ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதியிருந்தார். என் தங்கை மகள் கல்யாணத் தேதி இருந்தது. அதைத் தாண்டி ஒரு சட்டத்தில், "ரெஜினாவுக்கு ஆபரேஷன். வேலை இல்லை." கீழே பத்தொன்பது நாளும் தேதி போட்டு, வேலை இல்லை, வேலை இல்லை என்று. டார்ச் வெளிச்சம் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூவைக் கழற்றிச் சுரண்டினேன். வெள்ளை தெரிந்த பிறகும் சுரண்டினேன். வயரை வைத்து முடுக்கினேன். டார்ச்சை அணைத்தேன்.

"போடுங்க" என்று கத்தினேன்.

வால் விளக்கு வெளியே இருக்கிறது, உள்ளிருந்து தெரியாது. ஆனால் அதன் ஓரத்தில் ரிவெட் அடிக்காத துளை ஒன்று இருந்தது. அதன் வழியாக வெள்ளையாக ஒரு பொட்டு வெளிச்சம் வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி வரும் சத்தம் கேட்டது. தகடு அதிர ஆரம்பித்தது. கையை அசைக்காமல் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.