சுவர் குடித்த தண்ணீர்

முனைவர் பட்டத்துக்குப் பதிந்து ஏழு வருடமாகிறது. எப்போது முடியும் என்று வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் கூடுதல் எரிச்சல். கடைசியாகக் கிடைத்த நீட்டிப்பு மே முப்பதோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

என் ஆய்வு ஒரு கல்லைப் பற்றியது. சிமென்ட்டைப் பாதிக்கு மேல் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலும் நுரையும் கலந்து வார்த்த கல். சிமென்ட் குறைந்தால் அதைத் தயாரிக்கும்போது வரும் கரியமில வாயுவும் குறையும். நுரை விட்டுப்போகும் காற்றறைகள் வெயிலின் சூட்டை உள்ளே விடாது. ஓமலூர் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கல் சொன்னபடி கேட்டது. ஆய்வகத்தில் எல்லாமே சொன்னபடி கேட்கும். "ஆளு புழங்குற இடத்துல அளந்து காட்டும்மா," என்றார் என் நெறியாளர்.

அம்மாபேட்டையில் பட்டு வேட்டி நெய்யும் சரவணமுத்து அண்ணனின் தறி அறையில் மேற்குச் சுவர் சரிந்திருந்தது. அதை என் கல்லால் கட்டிக் கொடுத்து, இருபுறமும் வெப்பமானி பதித்தேன். அளவுகள் தானாக என் போனுக்கு வந்துவிடும். குளிர்காலம் முழுக்க நன்றாகத்தான் இருந்தது. மார்ச்சில் வெயில் ஏறியதும் சுவர் என்னைக் கவிழ்த்துவிட்டது. வெளிச்சூடு அப்படியே உள்ளே இறங்கியது. வெப்பமானியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், தூக்கத்தைத் தொலைத்தேன்.

எப்போதும் காலையில்தான் அங்கே போவேன். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் உச்சி வேளையில் போனேன். அண்ணனின் மனைவி உஷாராணி அக்கா சுவரில் செம்பு செம்பாகத் தண்ணீர் வீசிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"செவுத்துக்குத் தண்ணி ஊத்தறேன் சாமி. பழைய மண்ணு செவுரு ஈரத்தைப் புடிச்சு வெச்சிருக்கும். இது தரையில தெளிக்கிறதையும் உறிஞ்சிருதுங்க. காத்து காஞ்சா இழை சும்மா சும்மா அறுந்துருது. அதான் ரெண்டு மாசமா செவுத்துக்கே ஊத்தறோம். உங்க செவுரும் உறுதியாகுமுன்னு மேஸ்திரி சொன்னாருங்க."

காற்றறையில் தண்ணீர் புகுந்தால் சூடு தாராளமாக நடந்து வரும். என் இரண்டாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன். தறி அறைக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அப்படியும் வெட்கமில்லாமல் கேட்டேன். "இருபது நாளைக்குத் தண்ணி ஊத்தாம இருக்க முடியுமாக்கா? மே முப்பதுக்குள்ள நான் முடிச்சாகணும்."

அக்கா அண்ணனைப் பார்த்தார். "அதுக்கென்னங்க மேடம், ஊத்தாம இருந்துட்டாப் போச்சு," என்றார் அண்ணன் தறியிலிருந்தபடியே.

"நெசவு?"

"அதை நாங்க பாத்துக்கறோமுங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் வரும் பதில் எனக்குத் தேவைப்படவில்லை.

பத்தாம் நாளிலிருந்து அளவுகள் இறங்கின. இருபதாம் நாள் அறைச் சூடு நான்கு டிகிரி குறைந்திருந்தது. நெறியாளர் ஏழு வருடத்தில் முதல்முறையாக "வெரி குட்" என்றார். மாம்பழம் வாங்கிக்கொண்டு அம்மாபேட்டைக்குப் போனேன்.

தறி அறை பூட்டியிருந்தது. அக்கா திறந்து காட்டினார். தறிமேல் பழைய சேலை போர்த்தியிருந்தது.

"நீங்க சொன்ன மறுநாளே தறியை நிறுத்திட்டோம் சாமி. காஞ்ச அறையில பாவு இழை நிக்காதுங்க, அறுந்துரும். முகூர்த்த வேட்டி ஆர்டரைப் பக்கத்துத் தெருத் தறிக்கு மாத்தி உட்டுட்டோம். அவரு கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறப் போறாருங்க. கதவைத் தொறந்தா சூடு வந்துருமுன்னு பூட்டியே வெச்சிருந்தோம். நல்லா வந்துச்சுங்களா?"

"வந்துச்சுக்கா," என்றேன். ஆள் புழங்காத, கதவு திறக்காத அறையை இருபது நாள் அளந்திருக்கிறேன்.

"முப்பதாந்தேதி வரைக்கும் பூட்டியே இருக்கட்டுமுங்களா?"

அழுகை வந்துவிட்டது. "வேண்டாங்க்கா. இன்னைக்கே தறியை ஆரம்பிங்க."

மாலையில் அந்த இருபது நாள் அளவுகளை நீக்கிவிட்டு, சுவர் ஈரமாக இருந்த மாதங்களின் அளவுகளை நெறியாளருக்கு அனுப்பினேன். பட்டம் வருமா என்று தெரியவில்லை. நெசவு நடக்கும் அறையில் இந்தக் கல் வெயிலைத் தடுக்காது என்று முடிவுரையில் எழுதினேன். ஏழு வருடத்தில் நான் உறுதியாகச் சொல்ல முடிந்தது அந்த ஒரு வரிதான்.