முதல் வேலிக்கு முன்னால்

மாம்புரிக் கடற்கரையில் நிறுவப்பட்டிருந்த அந்தச் சூரிய மின்தகடுகள், வீட்டுக் கூரைகளில் காண்பவைபோலச் சாய்ந்து கிடக்கவில்லை. வேலிகளைப்போல நிமிர்ந்து நின்றன. இரு முகங்களாலும் ஒளியை வாங்கக்கூடிய கண்ணாடிகள் அவை. காலையில் கிழக்கு முகம் உழைக்கும். பிற்பகலில் மேற்கு முகம் உழைக்கும். மறுமுகமும் சும்மா இராது; தரையில் பரப்பப்பட்ட வெண்சிப்பிகளிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். தூரத்தில் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அதற்கு மாற்றாக எழுந்த இந்த வேலிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்ப உதவியாளனாகச் சுஹைர் பணியாற்றி வந்தான்.

அவனுடைய கணினித் திரையில் ஒவ்வொரு தகட்டின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் மின்உற்பத்தியைக் காட்டும் தனித்தனிக் கோடுகள் ஓடும். சில நாட்களாக, பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஓய்ந்த சற்று நேரத்தில், மூன்று வேலிகளின் நடுப்பகுதியில் அக்கோடுகள் ஒருசேரத் தாழ்ந்தன. தாழ்ந்தவை சூரியன் கடலில் இறங்கும்வரை எழவில்லை. மேகமென்றால் நகர்ந்துவிடும், கண்ணாடியில் படிந்த உப்பென்றால் மதியத்திலும் தெரிய வேண்டும். இதுவோ, தோளோடு தோள் ஒட்டி யாரோ வெயிலை மறைத்து நிற்பதைப் போலிருந்தது.

"மேய வந்த கழுதை மச்சான், வேற என்ன?" என்றான் உடன் பணியாற்றும் பஸ்தியான்.

"கழுதை இப்பிடி வரிசையா நிக்குமா?"

"உங்கட புத்தளத்துக் கழுதை படிச்ச கழுதையா இருக்கும்."

இருவரும் போய்ப் பார்த்தார்கள். கழுதையுமில்லை, மனிதருமில்லை. சிப்பித் தரையில் ஒரு குளம்படிகூட இல்லை. கண்ணாடியில் வெயில் குறைவின்றிக் காய்ந்துகொண்டிருந்தது. நிழல் என்று சொல்ல எதுவுமில்லை. ஆயினும் சுஹைர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோது, கொதிக்க வேண்டிய கண்ணாடி ஈரத் துணிபோலக் குளிர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்த பஸ்தியான் கையை வெடுக்கென்று இழுத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். பயத்தை மறைக்க நினைத்தானோ என்னவோ, திரும்பும் வழியில் மறுபடி பகிடி விட்டான்.

"எல்லாம் மேற்க கடலப் பாத்துத்தான் நிக்குது. உங்கட ஆக்கள் தொழுற மாதிரி. ஆனா நீங்க தொழுதா குனிஞ்சு எழும்புவீங்களே. திரையில மேல்கோடு ஒருக்காவும் எழும்பல்ல, இவங்க குனியவே இல்லையே!"

சுஹைர் நின்று வேலிகளைத் திரும்பிப் பார்த்தான். குனியாமல், சிரம் பணியாமல், நின்றபடியே தொழுது முடிக்கும் தொழுகை ஒன்று உண்டு. ஆட்கள் குறைவாயிருந்தாலும் அதற்கு மூன்று வரிசைகளாகப் பிரிந்து நிற்பதே நல்ல வழக்கம். அது இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகை.

அவனுடைய அண்ணன் இன்ஷாப் நானா கடலுக்குப் போய்த் திரும்பாத துயரம் ஊரறிந்தது. கவிழ்ந்த படகு கரை சேர்ந்தது, இன்ஷாப் சேரவில்லை. உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுதுவிடலாம் என்று பள்ளிவாசல் நிர்வாகி ஜபார் பலமுறை பண்போடு சொல்லிப் பார்த்தார். தொழும்வரை இன்ஷாபின் மனைவி ஹிதாயாவை, கணவனை இழந்தவள் காத்திருக்கும் இத்தாவில் இருத்தவும் வீட்டார் துணியவில்லை. அவள் மனைவியுமல்லாமல் விதவையுமல்லாமல் தவித்தாள். ஆனால் உடலைப் பார்க்காமல் முடியாதென்று உம்மா அலீமா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"மையத்தக் காட்டாம எண்ட புள்ளைய மவுத்தாக்க ஒருத்தருக்கும் ஏலாது!"

வாப்பா உயிரோடில்லை. ஆகவே சம்மதிக்க வேண்டியவனும், முன்னின்று தொழுவிக்க உரிமை உள்ளவனும் சுஹைர்தான். "உம்மாட்டக் கதைச்சிட்டு நாளைக்குச் சொல்றன்" என்று ஜபாருக்குத் தவணை சொல்லியே அவன் காலம் கடத்தினான். உம்மாவின் நம்பிக்கையைத் தன் வாயால் முறிக்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் மாலை சுஹைர் திரையை உற்றுப் பார்த்தான். இருள் படிந்தவை இரண்டாம், மூன்றாம், நான்காம் வேலிகள். கடலுக்கு மிக அருகிலுள்ள முதல் வேலி மட்டும் நிழலின்றி இருந்தது. அதற்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. தொழுவிப்பவர் நிற்க வேண்டிய இடம் அது. மூன்று வரிசைகளும் காத்துக்கொண்டிருந்தன.

கண்ணாடி கழுவும் குழாய் நீரில் கை, முகம், கால் கழுவி உளூ செய்துகொண்டு, சுஹைர் முதல் வேலியைக் கடந்து நடந்தான். எதிரே கடல்மட்டும் இருந்தது. கைகளை உயர்த்தி 'அல்லாஹு அக்பர்' என்று முதல் தக்பீரைச் சொன்னான். அவனுக்குப் பின்னால், வேலிகளுக்கு இடையே, சிப்பிகள் ஒருசேர நறுக்கென்று நொறுங்கின. பலர் ஒரே நேரத்தில் கால்களைச் சரிப்படுத்தி நிமிர்வதைப்போல.  திரும்பக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எஞ்சிய தக்பீர்களையும் முடித்தான். வலப்புறம் திரும்பி ஸலாம் கொடுத்தான். இடப்புறம் திரும்பிக் கொடுத்தபோது அலைச்சத்தம் மீண்டும் கேட்டது. அது எப்போது நின்றதென்று அவனுக்குத் தெரியவில்லை.

சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. உம்மா.

"மகன், வாசல்ல நானாட சத்தத்துல ஸலாம் கேட்டிச்சு."

"எப்ப உம்மா?"

"இப்பதான். ரெண்டு தரம். ஓடிப்போய்க் கதவத் தொறந்தன், ஒருத்தரும் இல்ல." கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. "ஸலாம் சொல்லிட்டு உள்ளுக்கு வராம போற புள்ளையா அவன்? இனி வரமாட்டான், மகன். பள்ளியில சொல்லு. தொழட்டும்."

அடுத்த நாள் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் மூன்று வரிசைகளும் நிறைந்தன. உடலைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி, தேவைப்படாததால், மூலையில் கிடந்தது. சுஹைர் முன்னின்று தொழுவித்தான். எல்லோரும் கலைந்து வெளியேறும் வேளையில் பஸ்தியான் அழைத்தான்.

"சுஹைர், மூண்டு வேலியும் சுத்தம்டா. ஒரு நிழலும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்."

"ஆனா..." பஸ்தியானின் குரலில் இம்முறை பகிடி இல்லை. "கடல் பக்கத்து வேலி, நேத்து நீ நிண்டு திரையில நிழல் விழுந்த இடம். அதுல கீழ்ப்பாதி மட்டும் விழுந்திருக்கு. ஆள் நிக்கிற மாதிரி இல்ல. நீளமா, ஏதோ கொண்டுவந்து வச்ச மாதிரி இருக்கு. நான் போய்ப் பாக்கட்டா?"

"வேணாம். நான் வாறன்."

சுஹைர் தொலைபேசியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்த வந்த ஜபாரிடம் போனான்.

"ஜபார் நானா, அந்தச் சந்தூக்கக் கொஞ்சம் தாங்க."

"மையத்து இல்லாத ஜனாஸாவுக்குச் சந்தூக்கு எதுக்கு, தம்பி?"

சுஹைர் ஏற்கனவே குனிந்து அதன் ஒரு முனையைத் தூக்கியிருந்தான்.

"மத்தப் பக்கத்தப் புடிங்க நானா. இன்ஷாப் நானா வந்துட்டாரு."